எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் நிலம் எந்தக் கூட்டத்தில் முடிவாகிறது?

கேள்வி, 5 ஜனவரி 2025

கொடுங்கையூரில் இருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். கிடங்கு வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். வீடுகள் இருக்கிற இடத்தில் கிடங்கு எப்படி வரும்? மாநகராட்சி மாமன்றத்தில் தீர்மானம் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மாதாமாதம் ரிப்பன் மாளிகைக்குப் போய் உட்கார்ந்தால் இவற்றையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

6 ஜனவரி 2025, காலை

தெரிந்துகொள்ள முடியாது, தம்பி. இதே நினைப்பில் ஒரு வருடத்தை இழந்தவள் நான். அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிலம் வீட்டுக்கா, ஆலைக்கா, விளையாட்டுத் திடலுக்கா என்று வகை பிரிக்கும் அதிகாரம் மாநகராட்சி மன்றத்திடம் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் மாநில அரசிடமும் இருக்கிறது. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) பாருங்கள். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், அபாயகரமான தொழில், திறந்தவெளி, விவசாயம் என்று ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஒரு வகைக்குள் இருக்கும். வகையை மாற்ற விரும்புகிறவர் குழுமத்திடம் விண்ணப்பிப்பார். சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி மாற்றம் நடக்கும். நம் கவுன்சிலர் கைதூக்கி ஓட்டுப் போடும் இடம் அந்தப் பாதையில் எங்குமே வராது.

2022-இல், ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு மாமன்றம் கூடியபோது எனக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் இருந்த காலி மனையில் கன்டெய்னர்கள் அடுக்கப்போவதாகப் பேச்சு வந்ததும், மனு எழுதிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு எத்தனையோ முறை நடந்தேன். ஒரு வருடம் கழித்துக் கவுன்சிலர் உண்மையைச் சொன்னார்: "அந்தக் கோப்பு எங்கள் கைக்கே வராது, அம்மா." இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எழும்பூரில் இருக்கும் குழுமத்துக்கு நடந்திருப்பேன்.

6 ஜனவரி, இரவு

காலையில் பாதியில் விட்டேன். கடையில் கூட்டம்.

நான் செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில். ஒரு நாளைக்கு எத்தனையோ பட்டாவும் வில்லங்கச் சான்றும் என் கண்ணாடியின் மேல் படுத்து எழுந்திருக்கின்றன. அதனால்தான் இதெல்லாம் தெரியும்.

நில உபயோக மாற்றம் முதலில் தலைகாட்டும் இடம் செய்தித்தாள். "பொது அறிவிப்பு" என்ற தலைப்பில், காணவில்லை விளம்பரங்களுக்கும் ஏல அறிவிப்புகளுக்கும் நடுவில், எறும்பு எழுத்தில் வரும். வட்டம், கிராமம், சர்வே எண், பரப்பளவு, எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு என்பது இருக்கும். ஆட்சேபணையை எத்தனை நாட்களுக்குள் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். தெருப்பெயர் இருக்காது. "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால்" என்றெல்லாம் எழுத மாட்டார்கள். கிராமத்தின் பெயர் வருவாய்த்துறைக் கணக்கில் உள்ளபடிதான் வரும்: எருக்கஞ்சேரி, செலவாயல், சின்னசேக்காடு, சாத்தாங்காடு, சடையங்குப்பம். நீங்கள் கொடுங்கையூர் என்று சொல்லிக்கொள்ளும் தெரு கணக்கில் எருக்கஞ்சேரியாக இருக்கலாம். அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

8 ஜனவரி

அரசிதழைப் பார்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதன்கிழமைதோறும் வருகிறது, இன்றுகூட வந்திருக்கும். ஆனால் முழுமைத் திட்டத்தில் செய்த திருத்தம் அங்கே அச்சாகும்போது எல்லாம் முடிந்திருக்கும். நடந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளப் பாருங்கள். தடுப்பதற்குச் செய்தித்தாள்தான்.

9 ஜனவரி

"செய்தித்தாளில் யார் இதைத் தேடிப் படிப்பார்கள்?" என்று பெரம்பூரிலிருந்து ஓர் ஐயா கேட்கிறார். நியாயமான கேள்வி, ஐயா. நான் படித்தேன். படித்தும் கோட்டை விட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பத்திரம் என் மாமனார் காலத்தது. அதில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும். பிறகு 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. 2018-இல் திருவொற்றியூர் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ஒரே வீடு, இடம் நகராமல் மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. இடையில் நகர நில அளவை நடந்து, பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று புது எண்கள் வந்துவிட்டன.

பின்மனைக்கான அறிவிப்பு வந்த அன்று காலையிலேயே அதைப் பார்த்தேன். கடைக்கு வந்தவர் சாமான் சுற்றிக்கொண்டு வந்த தாளில்கூட அதே பக்கம் இருந்தது. எங்கள் பத்திரத்தின் நான்கெல்லையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. சாத்தாங்காட்டுப் பக்கம் வேறு ஏதோ நிலம் என்று மடித்து வைத்துவிட்டேன். அறிவிப்பில் இருந்தது புது எண், என் கையில் இருந்தது பழைய எண். இரண்டும் ஒரே மண். ஆட்சேபணைக்கான நாட்கள் முடிந்து, ஜே.சி.பி. வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அறிவிப்பின் நகலை இன்னும் கடைக் கல்லாவில் வைத்திருக்கிறேன். இப்போது இரவு இரண்டு மணிக்கு இரும்புப் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் சத்தத்தில் என் பேத்தி எழுந்து உட்காருகிறாள்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது இது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. பழைய சர்வே எண்ணுக்கு அதில் தனிக் கட்டம் உண்டு. புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வாங்கி, உங்கள் மனையைச் சுற்றியுள்ள எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்கள். ஒரு தெருவுக்குப் பத்துப் பதினைந்து எண்கள்தான் இருக்கும். அவற்றைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டால், செய்தித்தாள் வாங்கும் எந்த வீட்டிலும் ஒரு நிமிட வேலை.

10 ஜனவரி

நேற்றுச் சொல்லாமல் விட்டது: சர்வே எண்ணைக் கொடுத்தால் முழுமைத் திட்டத்தில் அது எந்த வகை என்று குழுமத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். தம்பி, உங்கள் நிலத்துக்கு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள்.

15 ஜனவரி

மாட்டுப் பொங்கல். கடை இல்லை. காலையில் சடையங்குப்பத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்வந்தேன். அங்கே இன்னமும் எருமைகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசுகிறார்கள். அவர்கள் மாடு ஓட்டிப் போகும் பாதையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

அந்த இடத்தைக் காட்டி ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார்: "அது மேய்க்கால் புறம்போக்கு, யாராலும் தொட முடியாது." பலரும் இப்படி நம்புகிறார்கள். வருவாய்த்துறையின் பதிவேடு வேறு, முழுமைத் திட்டத்தின் வரைபடம் வேறு. நிலம் யாருடையது, அரசுக் கணக்கில் என்ன பெயர் என்று முன்னது சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்று பின்னது சொல்லும். தாசில்தார் அலுவலகக் கணக்கில் மேய்க்கால் என்று இருக்கும் இடம் வரைபடத்தில் தொழில் வகையில் இருக்கலாம். இரண்டையும் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். பெரியவரிடம் இதை நான் சொல்லவில்லை. பொங்கல் நாள்.

22 ஜனவரி

பெரம்பூர் ஐயா என்னைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. மாமன்றக் கூட்டத்தால் பயன் இல்லை என்ற பொருள்படும்படி 6-ஆம் தேதி எழுதியது தவறு.

பெரிய மனை ஒன்றில் கட்டடம் எழுப்பினாலோ மனைப்பிரிவு போட்டாலோ திறந்தவெளிக்காகப் பங்கு ஒதுக்க வேண்டும். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைக்குப் போனது போக மீதியில் பத்தில் ஒரு பங்கு. 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாகப் பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் போனால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுப்பார்கள். கொடுத்த பிறகு அது மாநகராட்சியின் சொத்து. அந்த இடத்தில் பூங்கா போடுவதா, வேறு கட்டடம் கட்டுவதா, குத்தகைக்கு விடுவதா என்பது நகரமைப்பு நிலைக்குழுவுக்கும் மண்டலக் குழுவுக்கும் மாமன்றத்துக்கும் வரும் விஷயம். அங்கே கவுன்சிலருக்கு வேலை இருக்கிறது. நமக்கும் இருக்கிறது.

ஐயா பகுதியில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் அலுவலகக் கட்டடம் ஒன்று வரவிருந்ததாம். மனைப்பிரிவு வரைபடத்தின் நகலோடு நாற்பது பேர் கவுன்சிலர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் மாமன்றத்தில் நேரமில்லா நேரத்தில் (ஜீரோ ஹவர்) எழுந்து அந்த வரைபடத்தைக் காட்டிப் பேசியிருக்கிறார். கட்டடம் வேறு இடத்துக்குப் போனது. இப்போது அங்கே ஊஞ்சல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்த ஊஞ்சலைப் பார்க்கவே ஒரு நாள் பெரம்பூருக்குப் போகப்போகிறேன்.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நான் மாடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேள்வி நேரமும் நேரமில்லா நேரமும் சூடாக இருக்கும். எல்லோர் கவனமும் அங்கே இருக்கும். கடைசியில் தீர்மானங்கள் எண்களாக வாசிக்கப்பட்டு, மேசை தட்டும் ஒலிக்குள் மளமளவென்று நிறைவேறிவிடும். எந்த எண்ணில் எந்த இடம் என்று கூட்டம் தொடங்கும் முன்பே தெரிந்திருந்தால்தான் அந்த நேரம் புரியும். பொருள் நிரல் கவுன்சிலர் கைக்கு முன்னதாகவே வருகிறது. அவரிடம் கேளுங்கள். ரிப்பன் மாளிகைக்குப் போகும் பஸ் செலவை அந்தத் தாளைப் பெறுவதில் போடுங்கள் என்பேன்.

23 ஜனவரி

மேலே எழுதியதில் விட்டுப்போனது. தாள் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாள். "ஏன் அனுமதித்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குக் கோப்பில் பதில் இருக்காது என்று எழுதி முடித்துவிடுவார்கள். "இந்த சர்வே எண் குறித்த விண்ணப்பம், அறிவிப்பு, வந்த ஆட்சேபணைகள், திட்ட அனுமதி ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். என் பின்மனைக் கோப்பை அப்படித்தான் பெற்றேன். வந்த ஆட்சேபணைகள்: இல்லை. அந்த ஒற்றைச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2 பிப்ரவரி

எண்ணூரிலிருந்து ஒரு தங்கை, "கருத்துக்கேட்புக் கூட்டம்தான் எங்களுக்குத் தெரியும், அதுவும் இதுவும் ஒன்றா?" என்று கேட்கிறார். வேறு வேறு, அம்மா. ஆனால் வடசென்னையில் நமக்கு அதுதான் பழக்கம், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மின்நிலையம், துறைமுகம் போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது நடப்பது கருத்துக்கேட்பு. 2006-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துகிறது, மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்கிறார். முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. நிலத்தின் வகையை மாற்றும் கூட்டம் இது இல்லை. ஆனால் இதில் பதிவாகும் சொற்களுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருக்கிறது.

2024 டிசம்பரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காக எர்ணாவூரில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மீனவப் பெண்கள் பேசியதை மறக்க முடியாது. நண்டு எந்த மாதம் எங்கே கிடைத்தது, இப்போது எங்கே கிடைக்கவில்லை என்று ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் பெயர் சொல்லிச் சொன்னார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள்.

வரைபடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கடற்கரை ஒழுங்குமுறைக்காக 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கிறது. அடுத்த வருடத்தைச் சொல்லி வந்த இன்னொரு வரைபடத்தில் அது காணாமல் போயிருந்தது. இது வெளியே தெரிந்தது 2017-இல், தகவல் உரிமை மனுவால். அங்கே கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆறு ஓடிக்கொண்டேதான் இருந்தது. தாளில் மட்டும் இல்லை. அதனால்தான் நான் கோஷத்தைவிட நகலை நம்புகிறேன்.

கருத்துக்கேட்பில் இரண்டு விதிகளை மனப்பாடம் செய்யுங்கள். ஒன்று, இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. நாம் புறக்கணித்து வெளியேறினாலும் கூட்டம் நடந்ததாகவே ஆகும். இரண்டு, பேசியவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். வெயிலில் உட்கார்ந்து களைத்துப்போய் மக்கள் அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். இருங்கள். நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

3 பிப்ரவரி

நேற்று வெளியேறுவதைப் பற்றி எழுதியது சிலருக்கு வருத்தம். புறக்கணிப்பும் போராட்டம்தான், மறுக்கவில்லை. பாதிப் பேர் வெளியேறினால் மீதிப் பேர் உள்ளே இருந்து பேசுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

11 பிப்ரவரி

நேற்று எழும்பூருக்குப் போனேன், வேறு ஒரு தெருக்காரர்களின் ஆட்சேபணையை நேரில் கொடுத்து முத்திரை வாங்குவதற்காக. (தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.) காந்தி இர்வின் சாலையில் குழுமம் இருக்கும் கட்டடத்தின் பெயர் தாளமுத்து நடராசன் மாளிகை. முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-இல் உயிர்விட்ட இரண்டு பேர். அவர்கள் நினைவிடம் மூலக்கொத்தளத்தில், நம் பக்கத்துச் சுடுகாட்டில் இருக்கிறது.

அந்தச் சுடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில்தான் சில வருடங்களுக்கு முன் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. இடுகாட்டை எடுக்காதே என்று பலர் எதிர்த்தார்கள். நானும் அப்போது அந்தப் பக்கம்தான். பிறகு அந்த வீடுகளுக்குக் குடிவந்த ஒரு பெண் நகலெடுக்கக் கடைக்கு வந்தார். அதுவரை ஓலைத் தடுப்புக்குள் மூன்று பெண் குழந்தைகளை வளர்த்தவர். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும் வீட்டில் முதன்முதலாகத் தூங்கியதைச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. முன்னோர் படுத்திருக்கும் மண்ணும் வேண்டும், அந்தத் தாழ்ப்பாளும் வேண்டும். இரண்டும் ஏன் ஒரே ஏக்கருக்குள் மோதிக்கொள்ள வேண்டும் என்றுதான் இன்றைக்கும் கேட்கிறேன். கன்டெய்னருக்கும் சாம்பலுக்கும் குப்பைக்கும் இடம் கண்டுபிடிக்க முடிகிற ஊரில், மூலக்கொத்தளத்தில் மட்டுமா இடம் இருந்தது?

இழையை விட்டு எங்கோ வந்துவிட்டேன். இருந்தாலும் அழிக்கவில்லை.

20 பிப்ரவரி

கொடுங்கையூர்த் தம்பி எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். பதிவேட்டு நகலையும் குழுமத்தின் தளத்தில் வந்த விவரத்தையும் எனக்கு அனுப்பியிருந்தார். மூன்று முறை பார்த்தேன்.

தம்பி, அந்த நிலத்துக்கு எந்த மாற்றமும் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. 2008 முதல் அது தொழில் வகைதான். உங்கள் தெருவின் ஒரு பக்க வீடுகளும் அதே வகைக்குள் இருக்கின்றன. நீங்கள் எந்த மாமன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தாலும் இது காதில் விழுந்திருக்காது. நான் சொன்னபடி தினமும் செய்தித்தாளைப் புரட்டியிருந்தாலும் அறிவிப்பு வந்திருக்காது. 6-ஆம் தேதி நான் எழுதியதும் அந்த அளவுக்குக் குறையுள்ளதுதான். இப்போது உங்களால் பார்க்க முடிவது திட்ட அனுமதி மட்டும்: வேலி போட்டவர் அனுமதி வாங்கினாரா, வரைபடப்படி கட்டுகிறாரா, லாரி போகும் அளவுக்கு உங்கள் சாலைக்கு அகலம் இருக்கிறதா. நகல் கேட்டு மனு போடுங்கள். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.

வகை எழுதப்பட்டது 2008-க்கு முன்னால், முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டபோது. அந்த நாட்களில் நம் தெருக்களிலிருந்து யார் போனார்கள்? நான் போகவில்லை. அப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது.

இரண்டாவது திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதன் வரைவு வெளியாகும் நாளில் உங்கள் தெருவின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே வீடுகள் இருக்கின்றன, இன்ன வருடம் முதல் இருக்கின்றன, குடியிருப்பாக வகைப்படுத்துங்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரம் இப்போதே சேர்க்கலாம். பழைய சொத்துவரி ரசீது, மின் இணைப்புக் கட்டண அட்டை, குடும்ப அட்டை, எது இருந்தாலும்.

21 பிப்ரவரி

தம்பி கேட்டதற்கு: ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்து வைக்கிறேன். உங்கள் தெருவில் எத்தனை பேர் வர முடியுமோ வரட்டும். நகலுக்குக் காசு வேண்டாம். அசல் பத்திரங்களை நெகிழிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சென்ற வாரம் ஒருவர் கொண்டுவந்த பத்திரம் மழையில் நனைந்து, சர்வே எண் இருந்த வரி மட்டும் அழிந்திருந்தது.